வாசகர் கேள்விக்கு டொக்டர் பதில்: குருதியில் மிதக்கும் வாங்கிகள்

சென்ற இதழில் மூட்டுவாதம் பற்றி எழுதும்போது, கலத்தின் மேலிருந்து அறுந்து குருதியில் மிதக்கும் வாங்கிகள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை இவ்வளவு கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும். ஒரு வாசகர், வாங்கி என்றால் காலிமுகத்திடலில் உட்காரப் போட்டிருக்கிற வாங்கா என்று கேட்டிருக்கிறார். பகிடிக்குக் கேட்டாரோ உண்மையாகவே கேட்டாரோ தெரியாது, பதில் சொல்லிவிடுகிறேன். நம் பாடசாலை உயிரியல் புத்தகம் வாங்கி என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் ஏற்பி என்பார்கள். கலத்தின் மென்சவ்வில் குத்திட்டு நின்று, வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்தியை வாங்கி உள்ளே கொடுக்கும் புரதம் அது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

*

வெள்ளவத்தை வாசகி: என் அம்மாவுக்கு 61 வயது, பதினொரு வருடமாக மூட்டுவாதம். மெதோட்ரெக்சேட் குளிசை எடுத்தும் காலையில் விரல் மடக்க முடிவதில்லை. இப்போது வாதநோய் நிபுணர், எட்டனர்செப்ட் என்று கிழமைக்கு ஒரு ஊசி போடலாம் என்கிறார். "இது உங்கள் உடம்பிலேயே இருக்கிற வாங்கியின் துண்டுதான், பயப்படாதீர்கள்" என்றாராம். வாங்கியை எப்படி ஊசியில் அடைப்பது? அம்மாவுக்கு விளங்கவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

உங்கள் டொக்டர் சொன்னது சரி, ஆனால் அரைவாசிதான் சொல்லியிருக்கிறார். வெளியே அறுபது பேர் நம்பர் துண்டோடு காத்திருக்கும்போது அதற்கு மேல் சொல்லவும் முடியாது, அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மூட்டுவாதத்தில் மூட்டின் உட்படலத்தில் வந்து குவியும் வெண்குழியங்கள் ரி.என்.எஃப் என்ற புரதத்தை அளவுக்கு மீறி வெளியே விடுகின்றன. அதை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி என்பது வீட்டுக் கேட்டில் தொங்கும் தபால் பெட்டி. கடிதம் பெட்டியில் விழுந்தால் வீட்டுக்காரர் எடுத்து வாசிப்பார், வாசித்தால் கலவரம்தான்: வீக்கம், சூடு, நோ, வருடக்கணக்கில் போனால் கசியிழையமும் எலும்பும் அரிபட்டுப் போகும். இதற்கு உடம்பே ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. ஏடம்-17 என்று ஒரு நொதியம், 1997இல்தான் அடையாளம் கண்டார்கள், அது கேட்டில் தொங்கும் தபால் பெட்டியை அறுத்துத் தெருவில் போட்டுவிடும். வீட்டில் பெட்டி இல்லாததால் கடிதம் வாங்க ஆளில்லை. தெருவில் கிடக்கிற பெட்டியும் சும்மா கிடக்காது, வருகிற கடிதங்களை அதுவே விழுங்கிக்கொள்ளும், உள்ளே எடுத்து வாசிக்கத்தான் யாரும் இல்லை. இப்படி அறுந்து குருதியில் மிதப்பதைத்தான் கரையும் வாங்கி என்கிறோம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ரி.என்.எஃப்ஐக் கலத்திலிருந்து அறுத்து வெளியே விடுவதும் இதே ஏடம்-17தான். நெருப்பு வைக்கிற ஆளே வாளியும் கொண்டுவந்து கொடுக்கிற கதை.

இந்தத் துண்டுகளை முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? சிறுநீரில். 1988இல் ஜெனீவாவில் ஒரு குழு, காய்ச்சல்காரர்களின் சிறுநீரில் ரி.என்.எஃப்ஐ முடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்டியது. அடுத்த வருடமே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் வாலக் குழுவினர் அதைச் சிறுநீரிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். பிறகு பார்த்தால் அது வேறொன்றும் இல்லை, ரி.என்.எஃப் வாங்கியின் வெளிப்பக்கத் துண்டு. நாம் தினமும் கழிவறையில் ஊற்றிவிட்டு வருவது ஒரு மருந்தின் மூலப்பிரதி என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அப்படியானால் அம்மாவின் உடம்பு ஏன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மூட்டுவாதக்காரர்களின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் இந்தத் துண்டுகள் ஆரோக்கியமானவர்களை விட அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் வந்து குவிகிற ரி.என்.எஃப்க்கு அது போதாது. இயற்கைத் துண்டு தனியாளாக இருப்பதால் அதன் பிடியும் தளர்வு, சின்னதாக இருப்பதால் சிறுநீரகம் சீக்கிரமே வடித்து வெளியே தள்ளிவிடும். எட்டனர்செப்டில் செய்திருப்பது இதைத்தான் திருத்தியது: வாங்கியின் இரண்டு துண்டுகளை எடுத்து, கிருமியைப் பிடிக்க உடம்பு உருவாக்கும் பிறபொருளெதிரி என்ற புரதம் ஒன்றின் வால் பகுதியில் சோடியாக ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு கையால் பிடிப்பதால் பிடி இறுக்கம், வால் இருப்பதால் பாதியளவு வெளியேறவே நாலு நாள் அளவில் எடுக்கும். மனித மரபணுவை வெள்ளெலியின் கலங்களுக்குள் வைத்து வளர்த்துத் தயாரிக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கு அனுமதி கிடைத்தது, ஆக இது இன்று நேற்று வந்த மருந்து இல்லை.

இப்போது அம்மா செய்ய வேண்டியது. ஊசி தொடங்க முன் காசநோய்க்கான பரிசோதனையும் மஞ்சட்காமாலை பி பரிசோதனையும் கட்டாயம், அலுப்புப் பார்க்க வேண்டாம். நுரையீரலில் எப்போதோ வந்து தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டி வைத்திருக்கும் வேலிக்கு ரி.என்.எஃப்தான் காவல்காரன், காவல்காரனைக் கட்டிப்போட்டால் கிருமி எழும்பலாம். நம் நாட்டில் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுவதால் கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மான்டூ என்ற காசநோய்ப் பரிசோதனை சில வேளை சும்மாவும் தடிக்கும், அதை டொக்டர் பார்த்துக்கொள்வார், நீங்களாக முடிவு எடுக்க வேண்டாம். ஊசியைப் பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள், உறைபெட்டிக்குள் போடாதீர்கள், ஒருமுறை உறைந்தால் பிறகு பாவிக்க முடியாது. பார்மசியில் வாங்கி ஓட்டோவில் கொண்டுவரும்போது கொழும்பு வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு மூன்று இடத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வராமல், ஐஸ் பொதியோடு ஒரு சின்னப் பெட்டியில் போட்டு நேரே வாருங்கள். ஐஸில் நேராக முட்டாமல் ஒரு துணி சுற்றினால் நல்லது. அப்புறம், மெதோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும்.

*

தெஹிவளை, உயர்தர மாணவி: எங்கள் ரியூஷன் சேர், கரையும் வாங்கி என்றால் செய்தியைத் தடுக்கும் என்றார். ஆனால் நான் வாசித்த ஒன்றில் ஐ.எல்-6இன் கரையும் வாங்கி அழற்சியைக் கூட்டும் என்று இருந்தது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரி தங்கச்சி. இம்முறை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இந்த இடத்தில்தான் டொக்டர்மாரே வழுக்கி விழுகிறோம்.

அதே தபால் பெட்டிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரி.என்.எஃப் விஷயத்தில் பெட்டி அறுந்தால் கடிதம் தெருவோடு சரி. ஐ.எல்-6 என்பதும் ரி.என்.எஃப் மாதிரி ஒரு செய்திப் புரதம்தான், ஆனால் அதன் கதை அப்படி இல்லை. அதற்கு வீட்டில் இரண்டு சாமான் வேண்டும்: ஒன்று கடிதத்தைப் பிடிக்கும் பெட்டி, அதுதான் ஐ.எல்-6 வாங்கி. மற்றது பெட்டியில் கடிதம் விழுந்தவுடன் உள்ளே மணி அடிக்கும் ஜி.பி.130 என்ற புரதம். மணி கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. பெட்டி இருப்பதோ ஈரல் கலங்கள், சில வகை வெண்குழியங்கள் என்று ஒரு சில வீடுகளில் மட்டும். ஆகவே சாதாரண நாட்களில் ஐ.எல்-6 அந்தச் சில வீடுகளோடு மட்டும்தான் பேசும். இப்போது ஏடம்-17 வந்து பெட்டியை அறுத்து விடுகிறது. அறுந்த பெட்டி கடிதத்தை வாங்கிக்கொண்டு, பெட்டியே இல்லாத ஏதோ ஒரு வீட்டின் மணியில் போய் ஒட்டிக்கொள்ளும், மணி அடித்துவிடும். இதுவரை ஐ.எல்-6 என்றால் என்னவென்றே தெரியாத கலம் கூட அன்றைக்குக் கலவரத்தில் சேர்ந்துகொள்ளும். ஜெர்மனியின் கீல் நகரத்து ஸ்டெபான் ரோஸ்-ஜோன் இந்த வழியைப் பற்றிப் பல வருடம் வேலை செய்தவர். மென்சவ்வில் நிற்கும் வாங்கி வழியாக நடப்பது நேர்வழி, அறுந்த வாங்கி வழியாக நடப்பது சுற்றுவழி என்று நான் சொல்வேன், பரீட்சையில் உங்கள் சேர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். மூட்டுவாதம், குடல் அழற்சி மாதிரி வருடக்கணக்கில் அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் நோய்களில் இந்தச் சுற்றுவழிக்குப் பெரிய பங்கு உண்டு என்றும், கிருமியை எதிர்ப்பதற்கும் குடலின் தோலைச் சரிபண்ணுவதற்கும் நேர்வழி தேவை என்றும் அவர்களுடைய ஆய்வுகள் சொல்கின்றன.

கதை இதோடு முடியவில்லை. குருதியில் மணியின் துண்டும், அதாவது ஜி.பி.130இன் கரையும் வடிவமும், மிதந்துகொண்டிருக்கிறது. கடிதத்தோடு திரியும் அறுந்த பெட்டியை அது பிடித்து அமுக்கிவிடும். ஆக ஒரு மிதக்கும் வாங்கி மூட்டிவிடுகிறது, இன்னொரு மிதக்கும் வாங்கி அதை அணைக்கிறது, இரண்டும் ஒரே ஆளின் குருதியில். கரையும் வாங்கி நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்த வாங்கி என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு புதிர் தருகிறேன். மரபணு மாற்றத்தால் ஐ.எல்-6 வாங்கிப் புரதத்தின் 358ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாங்கி வழமையை விட அதிகமாக அறுபடும், குருதியில் கரையும் வாங்கி கூட. நான் மேலே சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்களுக்கு அழற்சி கூடியிருக்க வேண்டும் அல்லவா? 2012இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுகளில் நேர்மாறாக இருந்தது: அவர்களுக்கு, அழற்சியில் குருதியில் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதம் குறைவு, இருதய நோயும் கொஞ்சம் குறைவு. வீடுகளில் பெட்டி குறைந்துபோனதால் நேர்வழி தளர்ந்தது, மிதக்கிற பெட்டி கூடினாலும் அதை அமுக்க மணித்துண்டு கையில் இருந்தது என்பது ஒரு விளக்கம். குருதியில் ஒரு எண்ணைப் பார்த்தவுடனே முடிவுக்கு ஓடக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

மணித்துண்டையே மருந்தாக்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்த யோசனை ஏற்கனவே மருந்துக் குப்பிக்குள் போய்விட்டது. ஒலாம்கிசெப்ட் என்று பெயர், எட்டனர்செப்ட் மாதிரியே பிறபொருளெதிரியின் வாலில் ஒட்டிய சோடித் துண்டு. பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களில் செய்த இரண்டாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2023இல் வந்தது, கூடிய அளவு மருந்து எடுத்தவர்களில் மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தை எடுத்தவர்களை விட அதிகம் பேருக்குக் குணம் தெரிந்தது.

*

அதே மாணவி, பின்குறிப்பாக: வாங்கி அறுந்தே விழாவிட்டால் என்ன ஆகும்?

ட்ராப்ஸ் என்று ஒரு பரம்பரை நோய். ரி.என்.எஃப் வாங்கியின் மரபணுவில் பிழை. கிழமைக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், வயிற்று நோ, தோலில் சிவப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், பிறகு தானாகவே போய், மாதங்கள் கழித்து மறுபடியும் வரும். 1982இல் அயர்லாந்து-ஸ்கொட்லாந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் விவரிக்கப்பட்டது, 1999இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். வாங்கி அறுபடாததால்தான் நோய் என்று முதலில் நினைத்தார்கள், கேட்க மிகவும் அழகான விளக்கம், எல்லாப் பாடநூலிலும் ஏறிவிட்டது. பிறகு பார்த்தால் பல குடும்பங்களில் வாங்கி ஒழுங்காகவே அறுபடுகிறது, நோய் மட்டும் இருக்கிறது. பிழையாக மடிந்த புரதம் கலத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டு குழப்பம் செய்கிறது என்பதே இப்போது பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து. அழகான விளக்கம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயம்.

*

பம்பலப்பிட்டி வாசகர்: என் அண்ணாவுக்கு குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். இன்ஃப்ளிக்சிமாப் ஏற்ற வேண்டுமாம். எங்கள் மாமிக்கு மூட்டுவாதத்துக்கு எட்டனர்செப்ட் போட்டு நல்ல சுகம், இரண்டுமே ரி.என்.எஃப்ஐத் தடுக்கிற மருந்து என்று கூகிளில் இருக்கிறது. மாமி வாங்குகிற இடத்தில் மலிவாக எடுக்கலாம், அதையே அண்ணாவுக்கும் போட்டால் என்ன?

வேண்டாம். மாமியின் மருந்து மாமிக்கே இருக்கட்டும்.

காசு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எட்டனர்செப்டை குரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2001இல் வெளிவந்தது, வெற்று மருந்து எடுத்தவர்களை விட ஒரு முன்னேற்றமும் இல்லை. இன்ஃப்ளிக்சிமாப் அதே நோய்க்கு 1998இலேயே அனுமதி வாங்கிய மருந்து. பெயரளவில் இரண்டும் ஒரே எதிரியைப் பிடிக்கின்றன, பிடிக்கிற விதம் வேறு. எட்டனர்செப்ட் வாங்கியின் துண்டு, இன்ஃப்ளிக்சிமாப் பிறபொருளெதிரி. மிதக்கிற ரி.என்.எஃப்ஐ இரண்டும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கலத்தின் மேல் இன்னும் அறுபடாமல் ஒட்டியிருக்கிற ரி.என்.எஃப்ஐப் பிறபொருளெதிரிதான் உறுதியாகப் பிடித்து, அந்தக் கலத்தையே சாகடிக்கவும் வழி செய்யும். குடலில் அந்த வேலைதான் தேவைப்படுகிறது என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம்.

இந்த வாங்கித் துண்டு மருந்துகள் வந்த புதிதில், ரி.என்.எஃப் கூடுகிற எந்த நோயானாலும் இதைப் போட்டால் சரி என்று ஒரு உற்சாகம் இருந்தது. நாங்கள் அப்போது இளம் டொக்டர்மார், இரவுக் கடமையில் வார்ட் மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றியே கதைப்போம். குருதியில் கிருமி பரவி இரத்த அழுத்தம் விழுகிற நோயாளிகள் 141 பேரில் எட்டனர்செப்டைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1996இல் வந்தது. வெற்று மருந்தில் 30 வீதம் பேர் இறந்தார்கள், மருந்தின் அளவு கூடக் கூட இறப்பும் கூடி, அதிகபட்ச அளவில் 53 வீதம். 1999இல் நரம்புறை அழியும் எம்.எஸ். நோயில் இன்னொரு வாங்கித் துண்டைக் கொடுத்துப் பார்த்தார்கள், 168 பேர், நோய் தணியாமல் தாக்குதல்கள் கூடின. அண்ணாவின் டொக்டருக்கு இந்த வரலாறு தெரியும், அதனால்தான் அவர் விலை கூடியதை எழுதியிருக்கிறார். விலை பற்றிப் பேச வேண்டுமென்றால் அதே மருந்தின் உயிரொத்த பிரதி, அதாவது வேறு கம்பனி அதே மாதிரித் தயாரிக்கும் பயோசிமிலர், கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். அது நியாயமான கேள்வி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

*

வத்தளை வாசகி: கொத்தமல்லி அவித்துக் குடித்தால் கரையும் வாங்கி கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மையா?

தடிமனுக்கு நானும் குடிக்கிறேன், இஞ்சித் துண்டோடு. வாங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

*

கொட்டாஞ்சேனை வாசகர்: தம்பிக்கு இரண்டு மாதமாக இருமல், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சென்னையில் காட்டியபோது எடுத்த ரிப்போர்ட்டில் கரையும் ஐ.எல்-2 வாங்கி 1800 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கூகிள் பண்ணினால் புற்றுநோய் என்று வருகிறது. வீட்டில் யாரும் நித்திரை கொள்ளவில்லை.

முதலில் நித்திரை கொள்ளுங்கள். இந்த எண் புற்றுநோயின் பெயர் இல்லை.

ரி என்ற வகை வெண்குழியங்கள் உசாரானால் தங்கள் மேல் ஐ.எல்-2 என்ற செய்திப் புரதத்துக்கான வாங்கியை நிறைய முளைக்க வைக்கும், அதில் ஒரு பங்கு அறுந்து குருதிக்கு வரும். 1985இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அதாவது இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: எங்கோ ரி கலங்கள் பரபரப்பாக இருக்கின்றன. எதற்காக என்று அது சொல்லாது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் கூடும், சார்கொய்டோசிஸ் என்ற அழற்சி நோயிலும் கூடும், காசநோயிலும் கூடும், சாதாரண வைரஸ் தொற்றிலும் கூடும், சிறுநீரகம் பழுதானால் வெளியேறாமல் தேங்கியும் கூடும். தெரு முழுக்க ஹோன் சத்தம் கேட்கிறது என்றால் கலியாண ஊர்வலமாகவும் இருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம், வெறும் காலி வீதி நெரிசலாகவும் இருக்கலாம், ஜன்னலால் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நோய் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிப் போகும் எச்.எல்.எச். என்ற ஆபத்தான நிலையைத் தீர்மானிக்கும் விதிகளில் 2400 அலகு என்று ஒரு எல்லை இருக்கிறது, அங்கே கூட அது எட்டு அம்சங்களில் ஒன்றுதான், தனியாக நிற்காது.

தம்பிக்கு வேண்டியது சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, அந்த நெறியிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இரண்டு மாத இருமல் என்பதால் காசநோயை முதலில் தேட வேண்டும், இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். அந்த 1800ஐத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

*

மட்டக்குளி வாசகர்: அப்பாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். ரி.என்.எஃப் வாங்கியைக் குருதியில் அளந்தால் சிறுநீரகம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே தெரியும் என்று வாசித்தேன். கொழும்பில் எங்கே செய்யலாம்?

நீங்கள் வாசித்தது பொய்யில்லை. பொஸ்டனில் இருக்கும் ஜொஸ்லின் நீரிழிவு நிலையம் 2012இல் வெளியிட்ட ஆய்வுகளில், கரையும் ரி.என்.எஃப் வாங்கிகள் அதிகமாக இருந்த நீரிழிவுக்காரர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு மிகக் கூடுதலாக இருந்தது. சிறுநீரில் புரதம் போகத் தொடங்குவதை விட இது நன்றாக எச்சரித்தது என்பதால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நான் மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: இந்தத் துண்டுகளை வடித்து வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். சிறுநீரகம் களைத்தால் துண்டுகள் குருதியில் தேங்கும். ஆகவே எண் கூடியிருப்பது அழற்சியின் குரலா, அடைபட்ட வடிகாலா, இரண்டும் கலந்ததா? வடிகட்டும் வேகத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த ஆய்வுகளில் தொடர்பு நின்றது, எனவே வெறும் வடிகால் கதை மட்டும் இல்லை. ஆனால் வாங்கிதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எங்கே செய்யலாம் என்று தேடி அலைய வேண்டாம் என்பதே என் பதில், ஏனென்றால் எண் கூடினாலும் குறைந்தாலும் அப்பாவுக்குச் செய்யப்போகும் வைத்தியம் ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின்-கிரியற்றினின் விகிதம், குருதியில் கிரியற்றினின், இரண்டும் சாதாரண ஆய்வுகூடத்திலேயே கைக்கடக்கமான காசுக்கு முடியும். பிரஷரைக் கட்டுக்குள் வைக்கட்டும். மூட்டு நோவுக்கு என்று, சிறுநீரகத்துக்குக் கூடாத டிக்ளோபெனாக் குளிசையைப் பார்மசியில் தானாக வாங்கி விழுங்குகிறாரா என்று ஒருமுறை அவருடைய மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். இருபது வருடச் சீனிக்காரர்களின் லாச்சியில் நான் அதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

*

மருதானை வாசகி: அம்மாவுக்கு மாதம் ஒருமுறை டொசிலிசுமாப் ஏற்றுகிறோம், மூட்டு நோ நன்றாகக் குறைந்துவிட்டது, சி.ஆர்.பி.யும் பூச்சியம் அளவுக்கு வந்துவிட்டது. போன கிழமை மூன்று நாள் இருமலும் குளிரும். பக்கத்து மருத்துவ நிலையத்தில் சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, பனடோல் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அம்மா இன்னும் சோர்வாகவே இருக்கிறார். பயப்பட வேண்டுமா?

இதை வாசிக்கும்போது இருமல் இன்னும் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் இன்றே கூட்டிப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த தவணை மருந்தை டொக்டரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

காரணம் இதுதான். சி.ஆர்.பி. ஈரலில் உருவாகும் புரதம், அதை உருவாக்கச் சொல்லி ஈரலுக்கு உத்தரவு கொடுப்பது ஐ.எல்-6. டொசிலிசுமாப் அந்த ஐ.எல்-6இன் வாங்கியை அடைத்துவிடும், கலத்தில் நிற்பதையும் குருதியில் மிதப்பதையும் இரண்டையுமே. ஜப்பானில் உருவான மருந்து, மூட்டுவாதத்துக்கு அங்கே 2008இல் அனுமதித்தார்கள். உத்தரவு ஈரலுக்குப் போகாததால் உடம்பில் நிமோனியாவே இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் கிடக்கலாம், காய்ச்சலும் வழமை மாதிரிக் கொதிக்காது. புகை காட்டும் கருவியின் வயரைக் கழற்றிவிட்டு, மணி அடிக்கவில்லை, ஆகவே நெருப்பில்லை என்று சொல்வது மாதிரி. இன்னொரு குழப்பமும் உண்டு: யாராவது ஐ.எல்-6ஐயோ அதன் கரையும் வாங்கியையோ அளந்தால் இரண்டும் முன்பை விடக் கூடியிருக்கும், நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். அடைபட்ட வாங்கி வழமையான வேகத்தில் அகற்றப்படாமல் குருதியில் தேங்குவதால் வருவது அது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

அந்த மருத்துவ நிலையத்து டொக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நோயாளியின் சி.ஆர்.பி. 2 என்று பார்த்து நானே திருப்தியோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் நாள் அவர் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்தார், நிமோனியா. அவர் மாதாமாதம் என்ன ஏற்றிக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை, ஊசி மருந்தை மருந்தாக நினைக்காமல் அவரும் குளிசைகளின் பெயரை மட்டும் சொன்னார். நல்ல வேளை, பிழைத்துவிட்டார். அதனால் அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய திகதி, இந்த மருந்து எடுக்கும்போது சி.ஆர்.பி.யை நம்ப வேண்டாம் என்ற ஒரு வரி, மூன்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்த டொக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.